ஜாக்கி சாய்ந்து கார் விழுந்தது யார் தவறு?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். அப்பாவின் பழைய காரில் அம்மாவோடு ஆம்பூரிலிருந்து வேலூர் திரும்பும்போது, பள்ளிகொண்டா தாண்டி விரிஞ்சிபுரம் பக்கத்தில் வலது பின் டயர் போய்விட்டது. ஓரத்து மண்ணில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கியை வைத்துத் தூக்கியிருக்கிறீர்கள். சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்த நேரத்தில் வண்டி முன்னால் அசைந்து, ஜாக்கி சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, கை தப்பியது. இப்போது உங்கள் கேள்வி, இந்தக் கத்தரி ஜாக்கியே ஆபத்தா, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு டன் பாட்டில் ஜாக்கி வாங்கிவிடலாமா என்பது. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: வெயில் காலம் என்று டயரில் காற்று 26 பிஎஸ்ஐதான் (காற்றழுத்த அளவு) வைத்திருந்தேன், அப்படியும் டயர் எப்படிப் போனது என்று. எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. இருந்தாலும் ஜாக்கியிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் இஞ்சினியர் இல்லை. வாலாஜாப்பேட்டையில் ஒரு லாரி டயர் கடையில் பையனாகச் சேர்ந்து, பிறகு அலைன்மென்ட் கற்றுக்கொண்டு, முப்பது வருடத்துக்கு மேலாக இதே வேலையில் இருக்கிறேன். இடது கை மோதிர விரலின் நுனி எனக்குக் கிடையாது. சேர்ந்த இரண்டாவது வருடம், ஜாக்கியில் நின்ற ஒரு வேனின் சக்கரத்தை அடியில் கை கொடுத்துத் தூக்கிய தினத்தில் போனது. அதனால் நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

உங்கள் ஜாக்கி மேல் பெரிய தவறு இருந்திருக்காது. ஒரு சின்ன கார் மொத்தமே ஒரு டன்னுக்கு முன்னே பின்னே இருக்கும். ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கி மேல் வருவது அதில் ஒரு பங்குதான். எடை தாங்காமல் ஜாக்கி உடைந்தது என்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வண்டி நகர்ந்து ஜாக்கி சாய்ந்தது என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கத்தரி ஜாக்கி மேலும் கீழுமாக வரும் எடையைத் தாங்கும், பக்கவாட்டில் வரும் தள்ளலைத் தாங்காது. வண்டி நான்கு விரற்கடை நகர்ந்தால் போதும், கதை முடிந்தது. ஆக, கேட்க வேண்டியது, ஹேண்ட் பிரேக் போட்டும் வண்டி ஏன் நகர்ந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல வருடம் ஓட்டுகிறவர்களுக்கே இது தெரிவதில்லை. நம் ஊரில் ஓடும் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் ஹேண்ட் பிரேக் பின் சக்கரம் இரண்டை மட்டும்தான் பிடிக்கும். நீங்கள் தூக்கியதே ஒரு பின் சக்கரம். அது அந்தரத்தில் நின்றதும் ஹேண்ட் பிரேக்கின் பலத்தில் பாதி போய்விட்டது. மிச்சம் ஒற்றைச் சக்கரம், அதுவும் மண்ணில். பழைய வண்டியில் கேபிள் தளர்ந்திருந்தால் அந்தப் பாதியும் முழுசாக இருக்காது. அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது கியர். உங்களுடையது முன் சக்கரம் இழுக்கும் கார். முன் சக்கரம் இரண்டும் தரையில் இருந்தன, முதல் கியரில் போட்டிருந்தால் இஞ்சினைச் சுற்றாமல் அது உருளவே முடியாது. ஆனால் நீங்கள் ஹேண்ட் பிரேக் போட்டதைச் சொன்னீர்கள், கியரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அநேகமாக நியூட்ரலில் இருந்திருக்கும். இது என் ஊகம்தான். அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், அவர் உள்ளேதானே உட்கார்ந்திருந்தார். (அதுவும் தப்பு. ஜாக்கி போடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினாலே வண்டி ஆடும்.)

சரி, கியரில் போட்டால் எப்போதும் போதுமா என்றால், அதுவும் இல்லை. இதே காரில் முன் சக்கரத்தைத் தூக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கியர் பிடிக்காது. இரண்டு முன் சக்கரத்துக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு. தூக்கிய சக்கரம் அந்தரத்தில் தலைகீழாகச் சுற்றிக்கொள்ளும், தரையில் உள்ளது தாராளமாக உருளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பி-யில் (பார்க்கிங்) போட்டிருந்தாலும் இதே நிலைமைதான். அங்கே காப்பாற்றுவது ஹேண்ட் பிரேக். ஆம்னி, பொலேரோ மாதிரி பின் சக்கரம் தள்ளும் வண்டிகளில் பின் சக்கரத்தைத் தூக்குவதுதான் மோசம், கியரும் பிடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் பாதிதான். எந்த வண்டியில் எது எதைப் பிடிக்கும் என்று ரோட்டோரம் நின்று யோசிக்க முடியாது. அதனால்தான் மூன்றும் வேண்டும் என்கிறோம்: ஹேண்ட் பிரேக், கியர், அப்புறம் கல்.

லாரிக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வண்டி நின்றதும் டிரைவர் கேட்கும் முதல் கேள்வியே "கல்லு போட்டியா?" என்பதுதான். உங்கள் விஷயத்தில் தூக்கியது வலது பின் சக்கரம், ஆகவே கல் போட வேண்டியது குறுக்கே எதிர்மூலையில், இடது முன் சக்கரத்துக்கு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. செங்கல் பாதி நேரம் நொறுங்கிவிடும். கருங்கல் அல்லது ஆப்பு மாதிரி அறுத்த கட்டை நல்லது. புது வண்டிக்குப் பூசை போடும்போது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க ஒருவரும் மறப்பதில்லை, டிக்கியில் இரண்டு கட்டை வைக்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. வேலை முடிந்ததும் அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், ராத்திரியில் பின்னால் வரும் பைக்காரன் தலையில் முடியும். விரிஞ்சிபுரத்து வழித்துணைநாதர்தான் காப்பாற்றினார் என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நானும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கோபுரம் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறவன்தான், மறுக்க மாட்டேன்.

அடுத்தது நீங்கள் நின்ற இடம். ஓரத்து மண்ணில் கத்தரி ஜாக்கியின் சின்ன பாதம் எடை ஏற ஏற ஒரு பக்கமாக இறங்கும். வண்டி நகராவிட்டாலும் இதனாலேயே சாயலாம். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில், விரல் கனத்துக்குக் குறையாத பலகை ஒன்றை ஸ்டெப்னியோடு போட்டு வையுங்கள். ஜாக்கியின் தலையில் ஒரு பள்ளம் இருக்கும், கவனித்தீர்களா? கார் பக்கவாட்டின் அடியில் கத்தி விளிம்பு மாதிரி ஒரு தகடு ஓடும், அதில் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு இடத்திலும், பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு இடத்திலும் பக்கம் பக்கமாக இரண்டிரண்டு சின்ன வெட்டு இருக்கும். தூக்கும் சக்கரத்தை ஒட்டிய அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில் உள்ள விளிம்பு ஜாக்கியின் பள்ளத்தில் உட்கார வேண்டும். வேறெங்கே வைத்தாலும் தகடு மடங்கும், இல்லை நழுவும். எல்லா மாடலும் ஒரே மாதிரி இருக்காது, வண்டியின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள், அதைப் பார்ப்பதே சரி. நீங்கள் வாங்க நினைக்கும் பாட்டில் ஜாக்கியின் தலை உருண்டையானது, அந்தப் பள்ளம் அதில் கிடையாது. அதோடு டயர் தட்டையாகிக் கார் தாழ்ந்து நிற்கும்போது அது அடியில் நுழைவதே கஷ்டம். லாரிக்கு அருமையான சாமான், உங்கள் காருக்கு வேண்டாம். வீட்டு வாசலில் வேலை பார்க்க ஆசை என்றால் டிராலி ஜாக்கி வாங்கலாம், கூடவே வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் இரண்டும் வாங்க வேண்டும். எந்த ஜாக்கியாக இருந்தாலும் அது தூக்குவதற்கு மட்டும்தான். ஸ்டாண்ட் இல்லாமல் வண்டிக்கு அடியில் தலையோ காலோ போகக் கூடாது, ஒரு நட்டு உருண்டு உள்ளே போனால்கூட. குச்சியால் தள்ளி எடுங்கள்.

நட்டுகளை எப்போது தளர்த்தினீர்கள் என்றும் நீங்கள் சொல்லவில்லை. சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு இறுகிய நட்டை ஸ்பானரால் உதைத்துத் திறப்பது, நீங்களே வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடுவதற்குச் சமம். இன்னொரு பழக்கம், என் விரல் போன பிறகு நான் கற்றுக்கொண்டது: சக்கரத்தைக் கழற்றும் முன்பே ஸ்டெப்னியை எடுத்து, ஜாக்கி பக்கத்தில் வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். பஞ்சரான சக்கரம் வெளியே வந்ததும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள். ஜாக்கி போனாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்காரும், கைக்கு இடம் இருக்கும். சக்கரத்தை இரண்டு பக்கவாட்டிலும் பிடியுங்கள், அடியில் கை கொடுக்காதீர்கள். தூக்கும்போது தட்டை டயர் தரையை விட்டதும் நிறுத்திவிட்டால் காற்றுள்ள ஸ்டெப்னி ஏறாது, இன்னும் நாலு விரல் உயரம் வேண்டும். நட்டுகளைக் கூம்பான பக்கம் ரிம்மைப் பார்க்கும்படி கையாலேயே ஏற்றி, ஸ்பானரால் லேசாக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு ஒன்று விட்டு ஒன்றாக எதிரெதிரே முழுசாக இறுக்குங்கள். ஸ்பானர் மேல் ஏறி நின்று குதிப்பதும், நட்டுக்கு எண்ணெய் விடுவதும் வேண்டாம், இரண்டிலும் மரை நீண்டு போகும். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தரம் மறுபடி இறுக்கம் பார்ப்பது நல்லது.

உண்மையில் ஜாக்கியைவிட எனக்குப் பயம் தந்தது வேறு. போனது வலது பக்க டயர். அப்படியென்றால் நீங்கள் உட்கார்ந்திருந்தது வண்டிகள் பறக்கும் பக்கம், என்எச் 48-இல், உங்கள் முதுகுக்கும் லாரிக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது? அடுத்த முறை நிற்காதீர்கள். ஹசார்ட் லைட் போட்டுக்கொண்டு, நடக்கும் வேகத்தில், தட்டை டயரிலேயே உருட்டிக்கொண்டு சர்வீஸ் ரோட்டுக்கோ பெட்ரோல் பங்க்குக்கோ போய்விடுங்கள். டயர் கந்தலாகும், ரிம்கூட அடிபடலாம், பரவாயில்லை. நகரவே முடியாத நிலை என்றால் அம்மாவை இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்து, முக்கோணப் பலகையைக் குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால் வைத்துவிட்டு, 1033-க்குப் போன் பண்ணுங்கள். அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு.

இப்போது அந்த 26. வெயிலில் காற்று விரியும், அதனால் குறைத்து வைத்தால்தான் வெடிக்காது என்று உங்களுக்குச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும் நம்ம ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அது தலைகீழ், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சூட்டில் காற்றழுத்தம் ஏறுவது உண்மை, ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்ற கணக்கில். அந்த ஏற்றத்தைச் சேர்த்துத்தான் டயரைச் செய்கிறார்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் பிதுங்கி மடங்கி நிமிர்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் சூடாகி முறிகிறதே, அது மாதிரி. வெளியில் வெயில், கீழே தார் ரோடு, உள்ளே இந்த மடங்கலின் சூடு. நெடுஞ்சாலை வேகத்தில் அரை மணி நேரம் போனால் ரப்பரும் உள்ளே இருக்கும் நூலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். வெயிலூர் என்று நம்மைக் கிண்டல் செய்கிறார்களே, இந்த ஊரில்தான் காற்று குறையவே கூடாது.

எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை நான் சொல்வதைவிட உங்கள் வண்டியே சொல்லும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். ஆள் குறைவாக இருந்தால் ஒரு எண், சாமானும் ஆளும் நிறைந்தால் ஒரு எண் என்று போட்டிருப்பார்கள். சின்ன கார்களில் பெரும்பாலும் 30-இலிருந்து 36-க்குள் வரும். டயரின் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் பார்த்து அடித்துவிடாதீர்கள், அது டயரின் எல்லை. ஸ்டிக்கர் எண் ஆறின டயருக்கானது, வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். மத்தியானம் ஓட்டிக்கொண்டு போய் பங்க்கில் பார்த்தால் 33 இருக்க வேண்டிய இடத்தில் 37 காட்டும். பையன் 33-க்கு இறக்கிவிடுவான். மறுநாள் காலையில் அது 29. இப்படியே இரண்டு மாதம் போனால் நீங்கள் குறைக்காமலேயே 26-க்கு வந்துவிடும். ஒரு கேஜ் வாங்கிக் கையுறைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், பதினைந்து நாளுக்கு ஒரு முறை விடிகாலையில் பாருங்கள். பக்கவாட்டு வெயில் பட்டாலே அந்தப் பக்க டயர் ஒன்றிரண்டு கூடக் காட்டும்.

உங்கள் டயர் காற்றுக் குறைவால்தான் போனதா, ஆணி ஏறியதா என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்பு ரப்பர் பொடி கொட்டிக் கிடந்தால், பக்கச் சுவரின் உள்ளே சுற்றிலும் ஒரு வளையம் தேய்ந்திருந்தால், குறைந்த காற்றில் வெகுதூரம் ஓடியிருக்கிறது. ஆணியும் இருக்கலாம், அது மெதுவாக இறக்கிவிட்டு, மிச்சத்தை 26 முடித்திருக்கலாம். உள்ளே பொடி கொட்டிய டயருக்குப் பஞ்சர் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். நல்ல டயரில் தரையைத் தொடும் பட்டன் பகுதியில் ஏறிய ஆணிக்குப் பஞ்சர் போடலாம், பக்கச் சுவரில் கூடாது. வெளியிலிருந்து கயிறு மாதிரி திணிப்பது அவசரத்துக்கு. டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போடுவது நிலைத்து நிற்கும், நேரம் எடுக்கும் என்பதால் பல கடைகளில் சொல்லவே மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

டயரில் சாதாரணக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கடையில் அடிக்கும் நைட்ரஜனில் ஈரம் இருக்காது, கொஞ்சம் மெதுவாக இறங்கும், அதுவரை சரி. அதைத் தாண்டிச் சொல்லப்படும் மைலேஜ், குளிர்ச்சி எல்லாம் என் கண்ணில் பட்டதில்லை. இலவசமாகக் கிடைத்தால் அடியுங்கள். நைட்ரஜன் டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்றைச் சேர்த்தால் ஒன்றும் ஆகாது.

இனி இந்த வாரம் செய்ய வேண்டியது. விழுந்த அந்த ஜாக்கியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். சாயும்போது அதன் திருகுத் தண்டு வளைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். அதே மாடலுக்கு வேறு ஒன்று வாங்குங்கள். வண்டியை லிஃப்ட் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், வலது பின் டிரம், அதன் பின்தகடு, பிரேக் பைப், பக்கவாட்டு விளிம்பு இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கவும் சொல்லுங்கள். ஒரு டயர் மட்டும் வாங்குவதா இரண்டா என்றால், எதிர்ப்பக்க டயரும் 26-லேயே ஓடியது என்பதால் அதையும் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு புதிதாக வாங்கினால் பின்னால் போடுங்கள். முன் சக்கரம்தானே இழுக்கிறது, முன்னால் போடு என்று சண்டைக்கு வருவார்கள், எங்கள் கடையிலேயே வருகிறார்கள். மழை ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொள்ளும், அதைச் சமாளிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

கடைசியாக ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் ஒரு கம்பெனி உபரிச் சக்கரம் செய்து விற்றது, அந்தத் தெருவின் பெயரைத்தான் நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வண்டியில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது அந்த ஸ்டெப்னிதான். அதன் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் வருடத்தின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் பத்து வருடம் தாண்டியிருந்தால் அதில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். ஆறு வருடத்துக்கு மேல் என்றாலே பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மற்ற டயர்களைவிட அளவில் சின்னதாக இருந்து 80 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, பஞ்சர் கடை வரைக்கும்தான் அது. அப்பாவின் வண்டி என்கிறீர்கள், வாங்கிய நாளிலிருந்து அது கீழே இறங்கியே இருக்காது. நாலு எண்ணையும், கழற்றிய டயரின் உள்பக்கப் படம் ஒன்றையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.